தெற்குச் சுவரில் கை

உங்களில் லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கோயமுத்தூர் மில்கள் பலவற்றில் தொழிலாளர்களுக்கென்று குடியிருப்பு உண்டு. எங்கள் மில்லில் அது ஒரு நீளமான சந்து. சந்தின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி ஓட்டு வீடுகள். வீடு என்றால் ஒரே அறை, பின்னால் சமைக்க ஒரு தகரச் சாய்ப்பு. சந்து வடக்கு தெற்காகப் போனது. எங்கள் வீடு மேற்கு வரிசையில், வடக்கு முனையிலிருந்து மூன்றாவது கதவு.

எல்லா வீட்டிலும் விளக்கு மாடத்தை வடக்குச் சுவரில்தான் வைத்துக் கட்டியிருந்தார்கள். தெற்கு எமன் திசை, அந்தச் சுவரில் விளக்கு வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று முதலாளி வீட்டு அம்மா சொன்னதாகப் பேச்சு. அதனால் எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் விளக்கு வலக்கைப் பக்கம் இருக்கும். எதிர் வரிசையில் நுழைந்தால் இடக்கைப் பக்கம். இதை நான் வேலை மெனக்கெட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் சித்திரையில் எனக்கு ஒரு தங்கை பிறந்து, ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள். என்ன காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குக் கட்டிய தூளி மட்டும் உத்தரத்தின் நடுவில் தொங்கியது. அம்மாவின் பழைய பச்சைச் சேலை. அப்பா இரண்டு தடவை அதை அவிழ்க்கப் போனார். "இருக்கட்டும் உடுங்க" என்று அம்மா சொன்னதும் விட்டுவிட்டார். நாங்கள் தலையைக் குனிந்து அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினோம்.

முதலில் மாறியது தண்ணிக்குடம். அது எப்போதும் இடப்பக்கச் சுவரோரம் இருக்கும். ஒரு நாள் அம்மா குழாயடியிலிருந்து வந்தபோது வலப்பக்கம், விளக்கு மாடத்துக்குக் கீழே இருந்தது. நான்தான் நகர்த்தினேன் என்று என் காதைத் திருகினாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். சில நாள் கழித்துச் சுருட்டி வைத்த பாய் மறு மூலைக்குப் போயிருந்தது. பிறகு சீமாறு. எதுவும் காணாமல் போகவில்லை. கொட்டவில்லை, உடையவில்லை. யாரோ பொறுமையாக, எங்கள் வீட்டைச் சரிசெய்வது போல இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பூட்டு கிடையாது, நாதாங்கிதான். உள்ளே எடுத்துப் போக எதுவும் இல்லை. மத்தியானம் முதல் ஷிப்ட் விடுகிற நேரத்தில் அப்பா இரண்டாம் ஷிப்டுக்குப் போவார். அதே நேரத்தில்தான் குழாயில் தண்ணி வரும், அம்மா வரிசையில் நிற்பாள். வீடு காலியாக இருப்பது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும். வெயில் சந்தில் வெள்ளையாக இறங்கியிருக்கும் நேரம். உச்சி வேளை தாண்டிவிட்டதால் பேய் வருகிற நேரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு நாள் அப்பா சோத்துப்போசியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார். வீட்டில் யாரும் இல்லை. தூளி ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. காற்றுக்கு ஆடுவது போலவும் இல்லை என்றார். குழந்தையைத் தூங்க வைக்கக் கையால் தள்ளிவிட்டால் எப்படி ஆடுமோ அப்படி. அன்றைக்கு அவர் போசியை எடுக்காமலே மில்லுக்குப் போய்விட்டார்.

அப்போதிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. அம்மாவை அப்பா ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். அம்மாவும் தன்னையே சந்தேகப்பட்டாள். "கண்ணு, நான் தூக்கத்துல எந்திரிச்சு நடக்கறனா? பார்த்தயா?" என்று என்னிடம் கேட்டாள். படுக்கும்போது தன் சேலைத் தலைப்பை என் கால் விரலில் முடிந்துகொண்டாள். காலையில் முடிச்சு அப்படியே இருக்கும். அதிலும் அவளுக்கு நிம்மதி இல்லை.

பிறகு அந்தக் கை. தெற்குச் சுவரில், அம்மாவின் தோள் உயரத்தில், பொங்கலுக்கு அடித்த வெள்ளையின் மேல் அழுக்காக ஒரு விரல் தடம். தேய்த்துப் பார்த்தேன், எண்ணெய். அடுத்த வாரம் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. உள்ளங்கை முழுவதும். சுவரில் எதையோ தேடித் தடவியது போல மேலும் கீழும் இழுத்திருந்தது. எமன் திசைச் சுவர். அப்பா அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏ அம்மணி, அமாவாசைக்குப் பேயோட்டற கோடாங்கியை வரச்சொல்லியிருக்கறேன். அதுலயும் கேக்கலைன்னா, அந்தியூர்ல உன்ற அண்ணன் ஊட்டுல கொஞ்ச நாளு இரு."

"எத்தனை நாளுங்க?"

எங்கள் லைனிலேயே ஒரு பெண்ணை அப்படிக் கொஞ்ச நாளைக்கென்று கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் இப்போது வேறொருத்தி சமைத்தாள். எனக்கும் அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

இனி கணக்கு வாத்தியார். அவர் புத்தகத்தைத் திறக்கமாட்டார். சட்டைத் துணி சுற்றி வரும் அட்டைகளை எங்கிருந்தோ வாங்கி வந்து கத்தரியால் வெட்டுவார். ஒரு சாய்ந்த இணைகரம் வெட்டி, அதன் ஒரு பக்கம் முக்கோணமாக நறுக்கி, அந்தத் துண்டை மறு பக்கம் நகர்த்தி ஒட்டுவார். செவ்வகம் ஆகிவிடும்.

"பரப்பு கூடுச்சா, கொறைஞ்சுதா?"

"கூடுச்சுங்க சார்" என்றான் என் பக்கத்தில் இருந்தவன்.

"எப்படிடா கூடும் பன்னாடை? உன்னைத் தூக்கி அந்தப் பெஞ்சுல போட்டா நீ என்ன ரெண்டு ஆளாயிருவியா? ஒரு ஆளுக்கே இங்க சோறு பத்தல."

ஒரு வடிவத்தை மூன்று விதமாகத்தான் இடம் மாற்றலாம் என்பார். நகர்த்தலாம், சுற்றலாம், கவிழ்க்கலாம். மூன்றிலும் பரப்பு மாறாது. ஆனால் கவிழ்த்தால் மட்டும் வலது இடதாகும். நகர்த்துவதிலும் சுற்றுவதிலும் அது நடக்காது. ஒரு அட்டையை நடுவில் மடித்து மசி தொட்டு அமுக்கிப் பிரித்துக் காட்டினார். இந்தப் பக்கப் புள்ளி அந்தப் பக்கம் விழுந்திருந்தது. மடிப்பின் மேலேயே வைத்த புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"மடிப்புல இருக்கறது நகராது. எழுதிக்கங்கடா" என்றார்.

நான் எழுதவில்லை. குடம் வலப்பக்கம் போனது. பாய் மறு மூலைக்குப் போனது. தூளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து ஆடியது. தூளி அறையின் நடு உத்தரத்தில் இருந்தது.

அன்றைக்குக் குப்பையில் கிடந்த அட்டைத் துண்டுகளை எடுத்து எங்கள் வீட்டை வெட்டினேன். சின்னச் செவ்வகம். கதவு, மாடம், குடம், பாய், நடுவில் தூளி. எண்ணெய்க் கை பதிந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அட்டையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கை பதிந்த புள்ளி மாடத்தின் மேல் சரியாக விழுந்தது. அந்தக் கை சுவரில் தேடியது விளக்கு மாடத்தை.

நாளைக்குச் சாகப்போகிறவர்களைத் தேடி எமன் விளக்கை எடுக்க வந்தான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு வாத்தியாரின் மூன்று வழிகளையும் போட்டுப் பார்த்தேன். அட்டையை நகர்த்தினால் எங்கள் வரிசையின் மற்ற வீடுகள். அங்கெல்லாம் மாடம் எங்களுக்கு இருப்பது போலவே வலப்பக்கம். அவர்கள் இல்லை. எதிர் வரிசையில்தான் மாடம் இடப்பக்கம். எதிர் வரிசையில் தூளி கட்டியிருந்த வீடு ஒன்றே ஒன்று. தெற்கு முனையிலிருந்து மூன்றாவது. அதில் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேலை செய்கிற ஒரு அக்கா இருந்தாள். புருஷன் லாரியில் பாலக்காட்டுப் பக்கம் போனவன் வரவில்லை. வேலையும் வீடும் அவள் பெயரில்தான். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு ஆத்தா பார்த்துக்கொண்டாள்.

சந்து முழுவதையும் ஒரு அட்டையில் வரைந்து அரைச் சுற்றுச் சுற்றினேன். எங்கள் வீடு போய் அந்த அக்கா வீட்டின் மேல் உட்கார்ந்தது. வடக்கு முனையிலிருந்து வலக்கைப் பக்கம் மூன்றாவது, தெற்கு முனையிலிருந்து வலக்கைப் பக்கம் மூன்றாவது. நடந்து வருகிற காலுக்கு இரண்டும் ஒன்று. எமனுக்குப் பயந்து எல்லா மாடத்தையும் வடக்கிலேயே வைத்ததால் அது மட்டும் சுற்றோடு சுற்றவில்லை.

ஆனால் கண் தெரிகிற ஒருத்தி எப்படி வீடு மாறி வருவாள்? அதற்கு என் அட்டையில் பதில் இல்லை. மறுநாள் வாத்தியார் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "ஊடு கட்டி வெளையாடறியா? கொத்தனாராகப் போறியா?" என்று கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டார். வகுப்பே சிரித்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் குடத்தை எடுக்காமல் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் பின்சுவரோரம் உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கூடம் போகாமல் அவள் முதுகுக்குப் பின்னால். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பிறகு ஒரு நாள் ஷிப்ட் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் நாதாங்கி மெல்ல ஆடியது.

கதவு திறந்ததும் வெயில் உள்ளே விழுந்தது. வெயிலில் ஒரு உருவம். தலை முழுவதும் பஞ்சு படிந்து கிழவியின் தலை போல இருந்தது, கையில் மெஷின் எண்ணெய். கொஞ்சமும் தயங்காமல் நேராக உள்ளே வந்தது. குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்து, தண்ணி தளும்பாமல் மறு பக்கம் நகர்த்தி வைத்தது. எங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் நடந்து போனது, எங்களைப் பார்க்கவில்லை. நடுவில் நின்று தூளியைத் தொட்டு ஒரு தள்ளு தள்ளியது.

"தூங்கிட்டியா சாமி?" என்றது.

பிறகு தெற்குச் சுவரில் கையை வைத்தது. கை தடவிற்று. மேலே போயிற்று, கீழே வந்தது. நின்றது. அந்தக் கை நின்ற விதம் இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. மூச்சு விடும் சத்தம்கூட நின்றுவிட்டது. தூளி மட்டும் ஆடியது.

"யாருங்க இருக்கறது?" என்று மிகச் சின்னக் குரலில் கேட்டாள் அந்த அக்கா.

"நாந்தான் கண்ணு. மேக்கு வரிசை" என்றாள் அம்மா.

"ஐயோ. ஊடு மாறி வந்துட்டனுங்கக்கா. போயிர்றனுங்க."

"இருக்கட்டும். சித்தெ உக்காந்துட்டுப் போ."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அம்மா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெயிலில் எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது, வீட்டுக்குள் எல்லாம் கருப்பாகத் தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. நூல் அறுந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும், கண் போனது ரீலிங்கில் இன்னும் யாருக்கும் தெரியாது.

"தெக்குக் கேட்டுல வந்தா வலக்கையில சுவத்தைப் புடிச்சுட்டே மூணாவது கதவுங்க. பஞ்சு லாரி வந்து நின்னுட்டா வடக்குக் கேட்டைத் தொறந்து உட்டர்றாங்க. கூட்டம் தள்ளிட்டு வந்துருது. எந்தப் பக்கமா வாரேன்னே தெரியறதில்லீங்க. மாடம் கையில தட்டாதப்பத்தான் ஊடு மாறிட்டேன்னு தெரிஞ்சு வெளிய ஓடிருவனுங்க."

"மில் மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா எனக்கு ஊடு இருக்குமாங்க, மாறிப்போறதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள்.

அம்மா தூளியைப் பார்த்தாள். "தூளி கனமில்லாம இருக்குமே. அப்பவே தெரியலயா?"

"ஆத்தா புள்ளையத் தூக்கிட்டுப் போயிருக்கும்னு நெனைச்சுக்குவனுங்க." தூளி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஆனா ஒருக்கா கனமா இருந்துச்சுங்கக்கா. உள்ளுக்குள்ள பொரண்டு படுத்துச்சு. அதனாலதான் அன்னைக்கு ரொம்ப நேரம் இருந்துட்டேன்."

அம்மா எழுந்து அவள் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து தூளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். நான் கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டேன்.

"அப்பாகிட்டச் சொல்லிரலாமாம்மா? கோடாங்கி வேண்டாம்ல?"

"சொன்னா யாருன்னு கேப்பாரு. அவரு நல்லவருதான், ஆனா மனசுல எதுவும் தங்காது. பொழுதோட லைனே பேசும், காலையில மேஸ்திரி வந்து நிப்பான். புள்ளைய வெச்சுட்டு அவ எங்க போவா?"

"நீ அந்தியூருக்குப் போயிருவியே."

"வாயை மூடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே சொன்னாள்.

அமாவாசை அன்று பொழுது சாயும்போது எங்கள் வாசலில் கோடாங்கி உட்கார்ந்தார். வயசானவர், உடுக்கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு அடித்தார். சந்து முழுவதும் ஆட்கள். அம்மாவை நடுவில் உட்கார வைத்துத் தலையை அவிழ்த்துவிட்டார்கள். உடுக்கைச் சத்தம் ஓட்டில் பட்டுத் திரும்பியது. நேரம் ஆக ஆக அம்மாவின் தலை சுழன்று ஆட ஆரம்பித்தது. அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். பிறகு எனக்குத் தெரியவில்லை.

வேப்பங்குழையால் தோளில் அடித்தார். "யாரு நீ? சொல்லு. எதுக்கு இங்க வாரே?"

மறுபடி அடித்தார். இலை உதிர்ந்து குச்சி தெரிந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரு நீ?"

"ஊடு மாறி வந்துட்டனுங்க" என்றாள் அம்மா.

அது அம்மாவின் குரல் இல்லை. அந்தச் சின்னக் குரல். அதே இழுப்பு, அதே பயம். சந்தில் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். போகாதவள் ஒருத்தி. எதிர் வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உடுக்கைச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றிருந்த அந்த அக்கா. அவள் குழந்தையின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"போயிருவியா?"

"போயிர்றனுங்க. வெளக்கு மாடம் இந்தப் பக்கம் இல்லீங்க."

"போறேங்கறதுக்கு என்ன அடையாளம்?"

அம்மா தலையைத் தூக்கினாள். மயிர் முகத்தை மூடியிருந்தது. கூட்டத்துக்கு மேலே, எதிர் வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"வடக்கு முக்குல, இந்த வரிசை மொத சுவத்துல, கை படற ஒசரத்துல சாணி அப்பி வெக்கச் சொல்லுங்க. அதைத் தொட்டா எனக்குத் தெரிஞ்சுரும். நான் திரும்பிப் போயிர்றேன்."

கோடாங்கி உடுக்கையை நிறுத்தினார். அப்பா குழந்தை மாதிரி அழுதார். அப்போதே ஓடிப்போய் யார் வீட்டு மாட்டுக்குக் கீழிருந்தோ சாணியை அள்ளி வந்து, அந்த முதல் சுவரின் மூலையில் அவர் கையாலேயே அப்பினார்.

அடுத்து வடக்குக் கேட்டைத் திறந்த நாளில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மூலையில் நின்றேன். கூட்டம் வந்தது. அந்த அக்கா வலக்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வந்தாள். விரல் சாணியில் பட்டது. நின்றாள். விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு சந்தைக் கடந்து எதிர்ச் சுவரை இடக்கையால் பிடித்துக்கொண்டு தெற்கு முனை வரைக்கும் நடந்தாள். அங்கே போய்த் திரும்பி நின்று, வலக்கையைச் சுவரில் வைத்து, கதவுகளை முதலிலிருந்து எண்ணினாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் இடம் மாறவில்லை. அம்மா அந்தியூருக்குப் போகவில்லை. கோடாங்கிக்கு அப்பா ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தார், சாகும் வரைக்கும் அவர் புகழ் பாடினார். லைன் பெண்கள் அம்மாவிடம் மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் தங்கள் குழந்தைகளை அவள் கையில் கொடுக்கமாட்டார்கள். அந்த அக்கா மட்டும் கொண்டுவந்து கொடுப்பாள். தூளியை மட்டும் கடைசி வரை அம்மா அவிழ்க்கவிடவில்லை. அந்தக் குழந்தையை அதில் போட்டதும் இல்லை.

மில்லில் கதவடைப்பு வந்தபோது என் படிப்பு நின்றது. லாரியில் கிளீனராக ஏறினேன். அதற்கப்புறம் பார்க்காத ஊர் குறைவு. ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தேன், கப்பல் துறையில் மூட்டை தூக்கினேன், ஒரு ஊரில் நாலு மாதம் எதற்கு இருந்தேன் என்றே நினைவில்லை. அம்மா போன செய்தி எனக்குத் தாமதமாகக் கிடைத்தது. எந்த இடத்திலும் வீடு என்று ஒன்று கட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷம் உக்கடத்தில் பஸ் இறங்கி, கேட்டுக் கேட்டு லைனுக்குப் போனேன். மில் மூடி வெகு காலம் ஆகிவிட்டதாம். பாதி வீடு இடிந்து கிடந்தது. எனக்கு இப்போது கண் சரியில்லை. டாக்டர் புரை என்கிறார். வெயிலில் எல்லாம் வெளிறித்தான் தெரிந்தது. வலக்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு எண்ணினேன். மூன்றாவது கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். உள்ளே இருட்டு. என் கை தானாக வலப்பக்கச் சுவருக்குப் போயிற்று, விளக்கு மாடத்துக்கு.

சுவர் மழமழவென்று வெறுமையாக இருந்தது. மேலே தடவினேன், கீழே தடவினேன். அப்பா சாணி அப்பிய மூலை கையில் படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் தெற்கு முனையிலிருந்து வந்திருக்கிறேன், இது அந்த அக்காவின் வீடு.

"ஊடு மாறி வந்துட்டனுங்க" என்றேன், யாரிடம் என்று தெரியாமல். "போயிர்றேன்."

இருட்டில் ஏதோ லேசாகக் கிரீச்சிட்டது. உத்தரத்தில் தூளி ஆடுகிற சத்தம்.

"இருக்கட்டுங்க" என்றது ஒரு பெண் குரல். இளசா, கிழமா என்று சொல்ல முடியவில்லை. "சித்தெ உக்காந்துட்டுப் போங்க."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன்.